சார் சேர்த்த ஒரு வரி

ராஜ்மோகன் முன்னால் வைத்த இட்லி ஆறிப்போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. சட்னியில் ஈ வந்து உட்கார்ந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் அதற்குள் காபியை முடித்துக்கொள்ளலாம்.

ராஜ்மோகன் காரைக்காலில் ஆங்கிலப் பேராசிரியர். விழிதியூர் விவசாயி வீட்டுப் பிள்ளை. அடுத்த மாங்கனித் திருவிழா வரும்போது ஓய்வு பெற்றிருப்பார். வாரம் முழுக்க வகுப்பில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு ரெக்கார்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நம்ம ஊர்க் கதை தேடிக் கிளம்பிவிடுவார். காரைக்கால்மேட்டு மீனவர், பட்டினச்சேரி மீன்காரம்மா, துபாயில் இருக்கும் மகனுக்குக் கடிதம் கடிதமாக எழுதிய ஆஸியா பீவி என்று இருபத்திரண்டு வருடத்தில் அவர் பதிவு செய்யாத குரல் இல்லை. மனைவி சொர்ணாம்பாள் அவற்றைக் கேட்டுத் தமிழில் எழுதித் தருவாள். அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். இரண்டும் புத்தகமாக வரும். கதை சொன்னவர் பெயர் பெரிதாக மேலே இருக்கும். தொகுத்தவர் பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டும்.

"நம்ம புள்ளைங்க நம்ம கதையை இங்கிலீஷ்ல படிக்கட்டும்" என்று பாடத்திட்டக் குழுவில் ஏழு வருடம் சண்டை போட்டார். போன வருடம்தான் ஜெயித்தார். காரைக்கால்மேட்டு கருப்பையன் சொன்ன கதை முதலாம் ஆண்டு ஆங்கிலப் பாடமானது. பதினோரு வருடத்துக்கு முன் கருப்பையனும் அவர் தம்பி நவநீதனும் கடலுக்குப் போனார்கள். வழியில் படகு கவிழ்ந்தது. அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். இதுதான் கதை.

அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் மகள் கீர்த்திகாதான் அந்தப் பாடத்தை நடத்தினாள். தேர்வில் ஒரு கேள்வியும் கேட்டாள். 'தம்பியைக் கட்டியிருந்த கயிற்றை அண்ணன் அறுத்தது சரியா? இருநூறு சொற்களில் விவாதிக்க.'

விஷ்ணுப்ரியா என்ற மாணவி இருநூறு சொல் எழுதவில்லை. ஆங்கிலத் தேர்வுத் தாளில், தமிழில், ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள்.

'அந்தத் தம்பி எங்க அப்பா, மிஸ்.'

அந்தத் தாள்தான் இப்போது இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நாளைக்குக் காலைல ஊர்க்கூட்டமாம்ப்பா" என்றாள் கீர்த்திகா. அவள் கண் வீங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கு. அவங்க பஞ்சாயத்தார்கிட்ட போயிட்டாங்க. எம் புருசனைக் கயித்தை அறுத்து விட்டுட்டு வந்தவரு எங்க வீட்டுச் சோத்தையும் தின்னுட்டு இருந்திருக்காருன்னு."

"கருப்பையன் என்ன சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலையாம்."

கூட்டத்தில் முடிவானால் என்ன ஆகும் என்று ராஜ்மோகனுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கரையில் உட்கார்ந்து கேட்டவர் அல்லவா? கருப்பையன் படகில் அதற்குப் பிறகு ஒருவன் ஏற மாட்டான். தன்னோடு வந்தவனைத் தண்ணீரில் விட்டவன் என்று பேர் வந்துவிட்டால், அந்த ஊரில் ஒரு மீனவனுக்கு அதற்கு மேல் தண்டனை வேண்டியதில்லை.

சமையலறையிலிருந்து சொர்ணாம்பாள் வந்தாள். கையில் ஒரு நீள நோட்டு. நாலு வருடத்துக்கு முன் அவள் எழுதியது. பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, யாரும் கேட்காமலே படித்தாள்.

"'ரெண்டு பேரும் ஒரே கயித்துல இடுப்புல கட்டிக்கிட்டுப் படகைப் புடிச்சுக்கிட்டு கெடந்தோம். ராத்திரி பூரா அலை. விடியறப்ப பாத்தா கயிறு இருந்துச்சு. அவன் இல்ல.' அவ்வளவுதாங்க இருக்கு. அறுத்தாருன்னு எங்க இருக்கு?"

"இல்ல" என்றார் ராஜ்மோகன்.

"அன்னைக்கே கேட்டேன். இது டேப்புல இல்லியேன்னு. என்ன சொன்னீங்க?"

சொர்ணாம்பாளே சொன்னாள். "'தமிழ்ல அப்படியே இருக்கட்டும் சொர்ணா. இங்கிலீஷ்ல படிக்கிறவன், கயிறு இருந்துச்சு அவன் இல்லன்னா, நடுவுல என்னன்னு கேப்பான். ஒரு வரி போட்டாதான் நிக்கும்'னீங்க. நானும் பெரிய படிப்பு படிச்சவரு சொல்றாருன்னு கம்முனு இருந்துட்டேன். எனக்கும் பங்கு இருக்கு."

சொர்ணாம்பாள் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. புத்தகம் வந்தால் அதைக் கதை சொன்னவர் வீட்டுக்கே கொண்டுபோய், உட்கார்ந்து, முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அது அவராக வைத்துக்கொண்ட சட்டம். ஆங்கிலப் புத்தகத்தையும் அப்படித்தான் கருப்பையன் வீட்டில் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். அந்த ஒரு வரி வந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இதை அவர் சொர்ணாம்பாளிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொன்னார். கீர்த்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணு வாரம் நடத்தினேம்ப்பா அந்தப் பாடத்தை. போர்டுல கயிறு, ரெண்டு ஆளு, படகுன்னு படம் வேற போட்டேன். அந்தப் பொண்ணு முதல் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டே இருந்தா. அட்டெண்டன்ஸ்ல தெனமும் என். விஷ்ணுப்ரியான்னு கூப்பிடுறேன். அந்த 'என்' யாருன்னு ஒரு நாள் கேக்கத் தோணல."

"நீ என்னம்மா பண்ணுவ? தப்பு என்னோடது."

"அப்ப போய் சொல்லுங்க."

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவர் கணக்குப் போட்டுவிட்டார். பாடத்திட்டக் குழுவில் ஏழு வருடம் எதிரே உட்கார்ந்து, "ஊர்ல யாரோ பேசினதை எல்லாம் பாடமா வைப்பீங்களா?" என்று சிரித்தவர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஒரு கதையில் கலப்படம் என்றால் எல்லாக் கதையையும் தூக்கு என்பார்கள். ஆஸியா பீவியின் கடிதங்களையும் சந்தேகப்படுவார்கள். அவளே எழுதினாளா, சார் எழுதிக் கொடுத்தாரா என்பார்கள். தன் பெயர் கெடுவதைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்படவில்லை. தன்னை நம்பி வாயைத் திறந்த அத்தனை பேரின் வாயையும் தானே அடைத்துவிட்டோமே என்றுதான் நினைத்தார்.

அப்புறம் எழுந்து சட்டையை மாட்டினார். "வண்டியை எடும்மா."

சொர்ணாம்பாள் நோட்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "டேப்பையும் போட்டுக் காட்டுங்க. ஒங்க வாயை மட்டும் நம்பச் சொல்லாதீங்க" என்றாள்.

---

கருப்பையன் வீடும், நவநீதன் மனைவி புனிதவதி வீடும் பக்கத்துப் பக்கத்தில். பதினோரு வருடமாக நடுவில் வேலி கிடையாது. இவள் குழம்பு அங்கே போகும், அங்கிருந்து மீன் இங்கே வரும். இப்போது நடுவில் ஒரு பழைய வலையை இழுத்துக் கட்டியிருந்தது. வியாழக்கிழமை கட்டியதாம்.

புனிதவதி மீன் ஏலத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டுச்சேரி வரை நடந்தே விற்று மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவள்.

"வாங்க சார்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள். பிறகு, ஏன் சொன்னோம் என்பது போல முகம் மாறியது. "நீங்களே வந்துட்டீங்க. நாளைக்குக் கூட்டத்துக்கு வந்து அந்தப் பாடத்தைத் தமிழ்ல படிச்சுக் காட்டணும்னு கூப்பிட வரலாம்னு இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"எதுவா இருந்தாலும் எம் மவ இருக்கையில சொல்லுங்க. அவதானே படிச்சா."

விஷ்ணுப்ரியா உள்ளேயிருந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். கீர்த்திகாவைப் பார்த்ததும், "குட் மார்னிங் மிஸ்" என்றாள். கீர்த்திகா தலையை மட்டும் அசைத்தாள்.

வண்டியில் வரும்போது ராஜ்மோகன் எப்படி ஆரம்பிப்பது என்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தார். மைக் இல்லாமல் நூறு பேருக்குப் பாடம் நடத்துகிற குரல் இப்போது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"கயித்தை அறுத்ததா இருக்கே, அது கருப்பையன் சொன்னது இல்லம்மா. நான் எழுதிச் சேத்தது."

"சேத்ததுன்னா?"

"அவரு சொல்லாததை, அவரு சொன்ன மாதிரி, நானே எழுதிட்டேன்."

புனிதவதி நெற்றியைச் சுருக்கினாள். "அப்படி நடந்துச்சுன்னு யாராச்சும் ஒங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் சார் எழுதுனீங்க?"

இதற்கு இலக்கிய விமர்சனத்தில் எத்தனையோ பதில் உண்டு. அவரே வகுப்பில் மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். அந்த வாசலில் நின்றபோது ஒன்றுகூட உதவவில்லை.

"கதை நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பாடமா வச்சாங்க" என்றார் மெதுவாக.

விஷ்ணுப்ரியா முன்னால் வந்தாள். "மிஸ், யாராச்சும் வாயால சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். எங்க பெரியப்பா அப்படிப் பண்ணுறவரு இல்லன்னு. புக்குல, அதுவும் இங்கிலீஷ்ல இருந்துச்சு. கீழ கொஸ்டின் வேற இருந்துச்சு. அதனாலதான் நம்பினேன்."

கீர்த்திகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. "சாரிம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

கீர்த்திகாவே செல்போனில் அந்தப் பதிவை ஓடவிட்டாள். நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் இரைச்சல், எங்கேயோ ஒரு கோழி, அதற்கு நடுவில் கருப்பையன் குரல். 'விடியறப்ப பாத்தா கயிறு இருந்துச்சு. அவன் இல்ல.' அப்புறம் வெகு நேரம் பேச்சே இல்லை. கடைசியில், 'டீ குடிக்கிறீங்களா சார்?'

"இன்னொரு தடவை போடும்மா" என்றாள் புனிதவதி.

மூன்று தடவை கேட்டாள். அந்த டீயைப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். கேட்டு முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூத்தாரை நேராவே கேட்டேன் சார். அறுத்தீங்களா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு. ஒரு வார்த்தை பேசல. எழுந்து கடற்கரைப் பக்கம் போயிட்டாரு. அதுலதான் எனக்கு நெசம்னு பட்டுச்சு."

"அவரு மனசு ஒடஞ்சு போயிருக்கும்மா. இத்தனை வருசம் ஒங்களுக்காகவே இருந்தவரை அப்படிக் கேட்டா எப்படிப் பேச வரும்?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். இன்னொருவர் பேசாமல் விட்ட இடத்தில் தானே எதையாவது எழுதி நிரப்புகிற பழக்கம் மனிதரை விட்டு இன்னும் போகவில்லை.

"அப்ப அது நடக்கலதானே சார்? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

அந்த முகத்தைப் பார்த்து, நான் எழுதினேன் என்பதுதான் எனக்குத் தெரியும், நடந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செய்த பாவத்தை எப்படியாவது இன்றைக்கே கழுவிவிட வேண்டும் என்று தவித்தார். பக்கத்தில் நின்ற கீர்த்திகாவின் தலையில் கையை வைத்தார்.

"எம் மக மேல சத்தியம்மா. அது நடக்கவே இல்ல."

புனிதவதி ஒரு பெருமூச்சு விட்டாள். நாலு நாளாக உள்ளேயே நின்ற மூச்சு. பிறகு எழுந்துபோய், இரண்டு வீட்டுக்கும் நடுவில் கட்டியிருந்த பழைய வலையை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தாள். மகளும் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கூட்டத்துல இதையே சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா."

"காலேஜ்ல ஒங்களுக்குக் கெட்ட பேரு வராதா?"

"வரட்டும்."

சொன்னபோது அவருக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. கருப்பையன் காலிலும் விழுந்துவிட்டால் இன்று ராத்திரி தூங்கலாம் என்று நினைத்தார். கீர்த்திகாவை அங்கேயே விட்டுவிட்டு மணலில் இறங்கி நடந்தார்.

---

கருப்பையன் படகு நிழலில் உட்கார்ந்து வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதுக்கு முதுகு கொஞ்சம் அதிகமாகவே வளைந்திருந்தது. சுற்றிலும் நாலைந்து படகுகளில் ஆட்கள் வேலையாக இருந்தார்கள். அவர் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை. நாளைக்குத்தான் கூட்டம். ஊர் இன்றைக்கே தள்ளி உட்கார்ந்துவிட்டது.

"வாங்க சார். மணல் சுடும், இப்படி நெழல்ல உக்காருங்க."

ராஜ்மோகன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த வரி, அதைப் படித்துக் காட்டாமல் தாண்டியது, பாடமானது, சற்று முன் புனிதவதியிடம் ஒப்புக்கொண்டது எல்லாவற்றையும். "ஒங்க பேரைப் போட்டு ஒங்க தலையிலயே பழியைப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க கருப்பையன். நாளைக்கு ஊர் முன்னாடி சொல்லி எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்."

கருப்பையன் கையிலிருந்த ஊசியை வலையிலேயே குத்தி வைத்தார்.

"யாரு சார் ஒங்ககிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாதான் எழுதினேன்."

"நானும் அதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன், நாலு நாளா." அவர் குரல் இறங்கியது. "நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. எம் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு."

ராஜ்மோகனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அறுக்கல சார்" என்றார் கருப்பையன். "கத்தி ஏது? அவுத்தேன். நனைஞ்ச முடிச்சு, இறுகிப் போயிருந்துச்சு. அவுக்க ரொம்ப நேரம் ஆச்சு. அவன் பேச்சு மூச்சு இல்லாம தொங்குறான். அவன் கனத்துக்குப் படகு முங்குது. நானும் போனா ரெண்டு வீட்டையும் யாரு பாப்பான்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். உசிருக்குப் பயந்துதான் அவுத்தேனோ என்னமோ."

"அவரு இறந்துட்டாருல்ல, அப்ப?"

"அதுதான் சார் தெரியல." கருப்பையன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். "அவுக்கறப்ப அவன் கையும் அந்த முடிச்சு மேல வந்துச்சு. அலையில வந்து விழுந்த கையா, அவனா வச்சதா தெரியல. அவனா வச்சிருந்தா, அவுக்காதேன்னு தடுத்தானா, சீக்கிரம் அவுத்துட்டுப் போன்னு ஒதவுனானா? பதினோரு வருசமா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பக்கத்துப் படகில் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். கருப்பையன் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"புனிதா வந்து கேட்டப்ப எனக்குக் கோவமே வரல சார். அப்பாடான்னு இருந்துச்சு. நானா சொல்ல தைரியம் இல்ல. யாரோ எழுதிட்டாங்க, இனி ஊரு பாத்துக்கும், நாளையோட இந்தப் பாரம் எறங்கிடும்னு நெனச்சேன்."

முதல் தடவை, இந்த மனிதர் சொல்லாததை ராஜ்மோகன் எழுதினார். அவருக்குத் தெரியாமலே அது உண்மையாக இருந்தது. இன்று உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார், அதுவும் பெற்ற மகள் தலையில் கை வைத்து. புனிதவதி வீட்டுக்குப் போகும் முன் இங்கே வந்திருந்தால் போதும். ஒரு மனிதர் வெகு நேரம் பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று காத்திருந்து கேட்க வேண்டும். கேட்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. அதைத்தான் அவர் செய்யவில்லை.

"கருப்பையன், நான் போய் அவங்ககிட்ட…"

முடிக்கவில்லை. மணலில் புனிதவதி வேகமாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் விஷ்ணுப்ரியாவும் கீர்த்திகாவும். சுற்றியிருந்த படகுகளில் வேலை நின்றது. எல்லாரும் பார்க்கட்டும் என்றே வந்தவள் போலப் புனிதவதி நேராக வந்து கருப்பையன் காலில் விழுந்தாள்.

"என்னைய மன்னிச்சிருங்க. புக்குல இருந்ததை நம்பி ஒங்களைக் கூட்டத்துல நிறுத்தப் பாத்தேன். எனக்கும் எம் மவளுக்கும் இத்தனை வருசம் சோறு போட்ட கையை நாக்கூசாம பேசிட்டேன்."

கருப்பையன் பின்னால் நகர்ந்தார். படகு முதுகில் இடித்தது.

"எந்திரி புனிதா. யாரு ஒன்கிட்ட என்ன சொன்னது?"

"சார் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அவரா எழுதுனதாம். அது நடக்கவே இல்லன்னு மக தலைல கை வச்சு சத்தியம் பண்ணிட்டாரு."

கருப்பையன் மெதுவாகத் திரும்பி ராஜ்மோகனைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணிட்டீங்களா சார்?"

அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் ராஜ்மோகன் தாங்கிக்கொண்டிருப்பார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். புனிதவதி கண்ணீரோடு பார்த்தாள். விஷ்ணுப்ரியா பாடப் புத்தகத்தைப் பார்ப்பது போல நம்பிக்கையோடு பார்த்தாள். கீர்த்திகா மட்டும் வேறு மாதிரி பார்த்தாள். மணலில் இப்படிச் சரிந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவை அவள் இதுவரை கண்டதில்லை.

"நீங்களா எழுதுனதுதானே சார்?" என்றாள் புனிதவதி. "இவருகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க. இவரு காதால கேக்கட்டும்."

"ஆமாம்மா" என்றார் ராஜ்மோகன். "நானா எழுதினதுதான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அதைச் சொன்னபோது நாக்கில் உப்புக் கரித்தது.

விஷ்ணுப்ரியா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் பெரியப்பா. சாரே எல்லாத்தையும் சொல்லிடுவாரு."

கருப்பையன் அவள் பிடித்த கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வெகு நேரம் ஒன்றும் பேசவும் இல்லை. இந்தத் தடவை ராஜ்மோகன் அந்த இடைவெளியில் எதையும் சொல்லாமல் காத்திருந்தார்.

"சொல்லட்டும்மா" என்றார் கருப்பையன். "மொதல்ல சார் சொல்லட்டும். அவரு சொல்லி முடிச்சதும் நான் பேசணும். புனிதா, நாளைக்குக் கூட்டத்துல நீ முன்னாடி வந்து உக்காரு. நான் சொல்றது ஒன் காதுல விழணும்."